மூணு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு ‘ஸ்ட்ரிக்ட்’ ஸ்கூல்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வந்தால் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அட்மிஷன் காலம் வந்தாலே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். “டீச்சர், பாப்பாவுக்கு மூணு வயசு முடியுது. நல்லா ஸ்ட்ரிக்ட்டான எல்.கே.ஜி. எது?” இந்தக் கேள்வியை இந்த வருஷமும் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். அதே நேரத்தில் நம் குடும்பக் குரூப்பில் ஒரு பிரம்பின் படம் சுற்றி வருகிறது. ‘இதனிடம் அடி வாங்கி உருப்பட்ட கடைசித் தலைமுறை நாங்கள்தான்’ என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். மாமா, சித்தி, மதினி என்று ஒருவர் பாக்கியில்லை.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. பயம் இருந்தால்தான் பிள்ளை வழிக்கு வரும் என்ற நம்பிக்கை. அது தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எல்.கே.ஜி.யிலிருந்து ரெண்டாப்பு வரை, அதாவது மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். என் சர்வீஸ் முழுக்க அந்த வயதுப் பிள்ளைகளோடுதான் போனது.

முதலில், தண்டனை என்றால் எது எது என்று பார்த்துக்கொள்வோம். “எங்க ஸ்கூல்ல அடிக்கிறதே இல்லை” என்று எல்லாப் பள்ளியும் சொல்லும். அதோடு நிறுத்தாமல் மேலே கேளுங்கள். முட்டி போடச் சொல்வது தண்டனை. பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்துவது தண்டனை. வாயில் விரல் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வது தண்டனை. “ஒண்ணுக்கு வருது மிஸ்” என்றால் “பெல் அடிக்கட்டும்” என்று சொல்வது தண்டனை. “பேபி கிளாஸ்ல கொண்டுபோய் உட்கார வைக்கவா?” என்று எல்லார் முன்னாலும் கேட்பது, “போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்” என்று மிரட்டுவது, டிரவுசரிலேயே போய்விட்ட பிள்ளையை மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்படி நிறுத்துவது எல்லாமே தண்டனைதான். பிரம்பைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு இவற்றையெல்லாம் செய்கிற வகுப்பை அடி இல்லாத வகுப்பு என்று சொல்ல என் மனசு ஒப்பாது.

இனி அந்த வயதுப் பிள்ளைகள் செய்கிற ‘குற்றங்களை’ப் பாருங்கள். ஒரு இடத்தில் உட்கார மாட்டான். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவான். கடிப்பான். அம்மா வேண்டும் என்று அழுவான். வரிசையில் தள்ளுவான். சொன்னதை ரெண்டு நிமிஷத்தில் மறந்துவிடுவான். கையை அடக்குவது, காத்திருப்பது, ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது, இதற்கெல்லாம் மூளையின் முன்பகுதி வேலை செய்ய வேண்டும். அந்தப் பகுதி முழுசாக முதிர்வதற்கு இருபது வயதுக்கு மேல் ஆகும். மூன்று வயதில் அந்த வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நடை பழகும் பிள்ளை தொப்பென்று விழுந்தால் யாராவது அடிக்கிறோமா? ஓடிப்போய்த் தூக்கி, விரலைக் கொடுத்து நடக்க வைக்கிறோம். காத்திருக்கப் பழகுவதும் அப்படி விழுந்து எழுந்து பழக வேண்டிய ஒன்றுதான். அதற்கு மட்டும் ஏன் அடி?

“அடிச்சா உடனே அடங்கிடுறானே டீச்சர்?”

அடங்குவான். அதுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. வகுப்பு கப்சிப் என்று இருக்கும். ஹெட்மாஸ்டர் வராண்டாவில் போனால் ‘என்ன கன்ட்ரோல்!’ என்று மெச்சிக்கொண்டு போவார். ஆனால் அடி வாங்கிய பிள்ளை என்ன கற்றுக்கொண்டது? டீச்சர் முகம் எப்படி மாறினால் ஆபத்து, டீச்சர் போர்டு பக்கம் திரும்பி எழுதும்போது எவ்வளவு நேரம் கிடைக்கும், எவனைக் காட்டிக்கொடுத்தால் தான் தப்பிக்கலாம், இதைத்தான். பென்சில் வேண்டும் என்றால் எப்படிக் கேட்பது என்பதை அது கற்கவில்லை. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டீச்சர் நகர்ந்ததும் மறுபடி பிடுங்கும். இந்த முறை யாரும் பார்க்காத மாதிரி பிடுங்கும்.

இது என் கற்பனை இல்லை. விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஒரு பள்ளியில் பென்சில் மறந்தால்கூடப் பிரம்படி, கிள்ளு, தலையில் அடி. இன்னொன்றில் அடி இல்லை. கண்டிப்பார்கள், கொஞ்ச நேரம் தனியே உட்கார வைப்பார்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் மொத்தம் 84 பேர். முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, “திரும்பிப் பார்க்காதே” என்று சொல்லிவிட்டு ஆள் வெளியே போய்விடுவார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள்தானே, பார்க்கத்தான் செய்யும். பிறகு “பார்த்தியா?” என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அடி இல்லாத பள்ளியில் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பொய் சொன்னார்கள். அடி விழும் பள்ளியில் பார்த்தவர்களில் அநேகமாக எல்லாருமே பொய் சொன்னார்கள். மேலும் கேள்வி கேட்டபோது மாட்டிக்கொள்ளாமல் சமாளிப்பதிலும் அவர்களே கெட்டிக்காரர்கள். பிரம்பு அந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமல் தடுக்கவில்லை. பொய் சொல்வதில்தான் பயிற்சி கொடுத்தது.

அதே வருஷம் அதே மாதிரி இரண்டு பள்ளிகளை வைத்து வந்த இன்னொரு ஆய்வில், காத்திருக்கும் பொறுமை, விதி மாறினால் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் திறன் ஆகியவற்றைப் பார்த்தார்கள். மழலையர் வகுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒண்ணாம் வகுப்புக்கு வந்தபோது அடி விழும் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். எந்த அடக்கத்தைக் கற்றுத்தர அடிக்கிறோம் என்கிறோமோ, அந்த அடக்கத்திலேயே குறை. வீட்டில் பெற்றோர் அடிப்பது பற்றி ஐம்பது வருஷங்களில் வந்த 75 ஆய்வுகளை, அதாவது சுமார் 1.6 லட்சம் பிள்ளைகள் பற்றிய தகவல்களை, எலிசபெத் கெர்ஷாஃப் என்ற பேராசிரியை தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து தொகுத்து 2016-இல் வெளியிட்டார். அடியோடு சேர்ந்து வந்தவை முரட்டுத்தனம், மனச்சோர்வு, பெற்றோரோடு விலகல் போன்றவைதான். நல்ல விளைவு ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

“அடியாத மாடு படியாது” என்று உடனே யாராவது கமெண்ட் போடுவீர்கள். மாடு பழக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள். புதுக் காளையை ஏற்கெனவே பழகிய மாட்டோடு ஜோடி சேர்த்துத்தான் நுகத்தில் பூட்டுவார்கள். பக்கத்து மாட்டைப் பார்த்து அது நடை படிக்கும். மாட்டுக்குக் கொடுக்கிற அந்த அவகாசத்தைக்கூட நாம் மனுசப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை.

அடுத்தது, “நாங்க அடி வாங்கித்தானே டாக்டர், இன்ஜினியர் ஆனோம்?” என்ற வாதம். இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் தாக்குப்பிடித்தவர்கள். தாக்குப்பிடிக்காதவர்கள் உங்கள் பழைய மாணவர் குரூப்பில் இருக்கிறார்களா? உங்கள் ஒண்ணாப்பில் உங்களோடு உட்கார்ந்த எல்லாரும் பத்தாவது வரை வந்தார்களா? பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போகிற வேலை எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு உண்டு. அப்பா அம்மாவிடம் கேட்டால் “அவனுக்குப் படிப்பு ஏறலை டீச்சர்” என்பார்கள். பிள்ளையைத் தனியே உட்கார வைத்து, கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், “அடிப்பாங்க” என்று ஒரே வார்த்தை வரும். அந்தப் பிள்ளைகள் பிரம்புக்கு நன்றி சொல்லிப் படம் போடுவதில்லை. அதனால் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. உங்களில் உருப்பட்டவர்கள் உருப்பட்டதற்கு உங்கள் அம்மா விடியக்காலையில் எழுந்து ஆக்கிப்போட்டது காரணம், உங்கள் உழைப்பு காரணம், யாரோ ஒரு ஆசிரியர் தட்டிக்கொடுத்தது காரணம். அந்தப் பெருமையைத் தூக்கி ஒரு குச்சிக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?

“அப்ப செல்லம் கொடுத்துத் தலைக்கு மேல ஏத்தி வைக்கணுமா?” வேண்டாம். அடிக்காமல் வளர்ப்பதும் சும்மா விட்டுவிடுவதும் வேறு வேறு. கடித்த பிள்ளையைச் சும்மா விட்டால் கடிபட்ட பிள்ளைக்கு அநியாயம் செய்கிறோம். வரம்பு கட்டாயம் வேண்டும். அந்த வரம்பை எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. நல்ல மழலையர் ஆசிரியைகள் தினமும் செய்கிற சிலதைச் சொல்கிறேன்.

ஒன்று, செய்ய வேண்டியதைச் சொல்வார்கள். “ஓடாதே” என்ற சொல்லில் பிள்ளையின் காதில் முதலில் விழுவதே ‘ஓடு’தான். அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. “மெதுவா நடந்து வா” என்றால் அதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. “கத்தாதே” என்பதை விட “என் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லு” என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டு, சண்டைக்கான காரணத்தையே எடுத்துவிடுவார்கள். சீவிய பென்சில் ஒரு டப்பா நிறைய மேசையில் இருந்தால் வகுப்பில் பாதித் ‘திருட்டு’ நின்றுவிடும். நாற்பது பிள்ளைகளை ஒரே குழாய் முன்னால் கை கழுவ நிறுத்தினால் தள்ளத்தான் செய்வார்கள். பத்துப் பத்துப் பேராக அனுப்பி, மற்றவர்களைப் பாட்டுப் பாட வைத்தால் தள்ளுமுள்ளு இல்லை. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது, பாயில் உட்கார்ந்து அவரவர் அட்டையை எடுத்து அவரவர் வேகத்தில் செய்வார்கள். பிள்ளை உயரத்துக்குச் சுவரிலேயே கரும்பலகை இருக்கும். அந்த முறையில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கையில் வேலை உள்ள பிள்ளை வம்புக்குப் போகாது என்பதை அதில் கண்ணால் பார்க்க முடிந்தது.

மூன்று, குறும்புக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பார்கள். பத்து மணிக்கே எரிந்து விழுகிற பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்று கேட்பார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. பசியை அடித்துத் திருத்த முடியாது, சோறு போட்டுத்தான் திருத்த முடியும் என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாதிரிதான் எனக்கு அது பட்டது. தூக்கம் போதாத பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை, வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்த பிள்ளை, இவர்கள் எல்லாரும் வகுப்பில் ‘அடங்காப்பிடாரி’ பட்டம் வாங்குகிறவர்கள்தான்.

நான்கு, கடித்துவிட்டால், அடித்துவிட்டால், முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்குவார்கள். பிறகு கடித்தவனிடம், அவன் உயரத்துக்குக் குனிந்து, கத்தாமல், “கடிக்க விட மாட்டேன். அவளுக்கு வலிக்குது பாரு. வேணும்னா ‘குடு’ன்னு கேளு” என்பார்கள். கேட்கவும் வைப்பார்கள். நாளைக்கு மறுபடி கடிப்பான். மறுபடி இதே. பத்து நாளோ இருபது நாளோ ஆகும். ஒரு அறை இரண்டு விநாடியில் முடியும், இது இருபது நாள் வேலை. ஆனால் அந்த இருபது நாளில் அவன் ‘குடு’ என்று கேட்கப் பழகியிருப்பான். அது ஆயுசுக்கும் நிற்கும்.

ஸ்டார் ஒட்டுவதும் சாக்லேட் கொடுப்பதும்தான் அன்பு வழி என்று நினைக்கிற பள்ளிகளும் உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ரோமில் அவர் 1907-இல் தொடங்கிய பள்ளிக் காலத்தில் பார்த்த ஒன்றை எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு நன்றாகச் செய்ததற்காகப் பதக்கம் அணிவித்திருந்தார்கள். இன்னொரு பிள்ளையைத் தண்டனையாக நாற்காலியில் தனியே உட்கார வைத்திருந்தார்கள். வேலையில் மும்முரமாக இருந்தவனின் பதக்கம் கீழே விழ, உட்கார்ந்திருந்தவன் எடுத்து “நான் போட்டுக்கவா?” என்று கேட்க, இவன் “போட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். வேலையில் ருசி கண்ட பிள்ளைக்குப் பதக்கம் எதற்கு? லஞ்சம் கொடுத்துப் பழக்கினால், லஞ்சம் நின்ற அன்று நல்ல குணமும் நின்றுவிடும்.

இன்னொரு வாதம், “இன்னைக்குப் பசங்க வாத்தியாரையே மிரட்டுறாங்க. அடியை நிறுத்தினதுதான் காரணம்.” மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அது பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் பதினாறு வயதுக்காரன் மேல் உள்ள கோபத்தை மூன்று வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் தீர்க்கக் கூடாது.

இதைப் படிக்கிற ஆசிரியைகள் கேட்பது நியாயம்: “ஒத்த ஆளா நாப்பது பிள்ளையை வச்சுக்கிட்டு இதெல்லாம் எப்படிக்கா?” முடியாதுதான். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்கிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், கூட ஒரு ஆயாவும் வேண்டும். ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு, ஒரு பெண்ணைச் சொற்பச் சம்பளத்துக்கு நாற்பது பிள்ளைகளோடு அடைத்துவிட்டு, ‘டிசிப்ளின்’ என்று போர்டு மாட்டுகிற நிர்வாகங்களிடம்தான் என் சண்டை. இரண்டாவது ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்க மனசில்லாத இடத்தில்தான் பிரம்பு வேலை பார்க்கிறது. பிரம்புக்குச் சம்பளம் கிடையாது பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51-ஆம் விதியைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தது 2003-இல். 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல் இரண்டையும் தடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 6 முதல் 14 வயது வரை. எழுத்துப்படி பார்த்தால் எல்.கே.ஜி. பிள்ளை அதற்கு வெளியே நிற்கிறது! வாய் திறந்து சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அதில் இடமில்லை. 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு 18 வயது வரை எல்லாருக்கும் பொருந்தும். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமை செய்தால் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் அது போலீஸ், கோர்ட் என்று போக வேண்டிய வழி. மூன்று வயதிலிருந்தே 17-ஆம் பிரிவு பொருந்த வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், பத்திரிகையில் இருக்கிறீர்கள், கட்சியில் இருக்கிறீர்கள். உங்களால் கேட்க முடியும்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது இது. அட்மிஷனுக்குப் போகும்போது கட்டடத்தையும் ஸ்மார்ட் போர்டையும் பார்ப்பதோடு நிற்காமல் நாலு கேள்வி கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளை, எத்தனை பெரியவர்கள்? ஒண்ணுக்கு வந்தால் எப்போது வேண்டுமானாலும் போகலாமா? ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்தால் என்ன செய்வீர்கள்? முதல் வாரம் அழுகிற பிள்ளையோடு அம்மா கொஞ்ச நேரம் இருக்கலாமா? பதில் சொல்லாமல் “எங்க ஸ்கூல் ரொம்ப ஸ்ட்ரிக்ட்” என்று மட்டும் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்து அங்கன்வாடியிலோ அரசுப் பள்ளியிலோ பொறுமையான ஒரு டீச்சர் இருந்தால் தயங்காமல் அங்கே சேருங்கள்.

கடைசியாக ஒன்று. தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாசலில் நின்று நாம் சொல்லி வருகிற வாக்கியம், “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்.” பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அதன் காது கேட்கவே இதைச் சொல்கிறோம். இந்தப் பெரிய ஊரில் தன் பக்கம் யாருமே இல்லை என்பது அன்றைக்கே அதற்குப் புரிந்துவிடும். இந்த ஜூன் மாதம் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் அதை விட்டுவிட்டு, டீச்சரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “இவளுக்குத் தண்ணி வேணும்னா கேக்கத் தெரியாது, கையைக் காட்டுவா. பட்டன் கழட்டத் தெரியாது. சத்தமாப் பேசினா பயந்துக்குவா. கொஞ்சம் பார்த்துக்கோங்க.” அந்த டீச்சருக்கு உங்கள் பிள்ளையைப் பற்றித் தெரிய வேண்டியது அவ்வளவுதான். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.